தெரபிஸ்டிடம் முதல்முறை போகிறேன், அங்கே என்னதான் நடக்கும்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: வயது 29, சென்னையில் ஐ.டி. வேலை. சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. தனியாக பிராக்டீஸ் செய்யும் ஒரு தெரபிஸ்டிடம் அப்பாயிண்ட்மென்ட் வாங்கியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன கேட்பார்கள், சொல்வது வெளியே போகுமா, எத்தனை முறை போக வேண்டும், எவ்வளவு செலவாகும், பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் கோவையில் தனியாக பிராக்டீஸ் செய்யும் சைக்காலஜிஸ்ட். இந்தக் கேள்விகள் அத்தனையும் என்னிடம் வருகிறவர்களின் முகத்திலேயே எழுதியிருக்கும். வாய் திறந்து கேட்பவர்கள்தான் குறைவு. மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. இங்கே மட்டும் கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஏனோ நினைத்துக்கொள்கிறோம். கீழே நான் எழுதுவதில் எதை வேண்டுமானாலும் உங்கள் தெரபிஸ்டிடம் நேராகவே கேட்கலாம். கேட்டதும் அவர் முகம் சுளித்தால் அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் யார், என்ன படித்தவர் என்று பாருங்கள். "தெரபிஸ்ட்", "கவுன்சலர்" என்று போர்டு மாட்டிக்கொள்ள நம் ஊரில் இன்றைக்கும் பெரிய தடை எதுவும் இல்லை. சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மருந்து எழுதுவது அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் சைக்காலஜியில் முதுகலைக்கு மேல் எம்.பில். போன்ற பயிற்சிப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (எல்லோரும் ஆர்.சி.ஐ. என்பார்கள்) பதிவு செய்தவர். 1992ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வரும் கவுன்சில் அது. பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும், அவர்கள் இணையதளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இவர்களைத் தவிர கவுன்சலிங் சைக்காலஜிஸ்டுகள், எம்.எஸ்.டபிள்யூ. படித்து மனநலத் துறையில் வேலை பார்க்கும் சோஷியல் வொர்க்கர்கள் இருக்கிறார்கள். அவர்களில் அருமையான தெரபிஸ்டுகள் உண்டு. அவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரத்தான் 2021இல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. நடைமுறையில் அது இன்னும் முழுசாகக் காலூன்றவில்லை. ஆகவே இப்போதைக்கு விசாரிக்கும் வேலை உங்கள் தலையில்தான். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரி பிரச்சினையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, சூப்பர்விஷனுக்கு (தான் பார்க்கும் வேலையைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்பது) யாரிடமாவது போகிறீர்களா என்று போனிலேயே கேட்டுவிடலாம். சில வார ஆன்லைன் கோர்ஸ் சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டியிருப்பவர் இங்கேதான் சுற்றி வளைப்பார்.

அப்பாயிண்ட்மென்ட் உறுதியானதும் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரு படிவம் வரும். பெயர், வயது, என்ன தொந்தரவு, இப்போது சாப்பிடும் மருந்துகள், ஏற்கெனவே யாரிடமாவது காட்டியிருக்கிறீர்களா, கடைசியாக அவசரத்துக்குக் கூப்பிட ஒருவருடைய பெயரும் நம்பரும். அந்தக் கடைசிக் கட்டம் வந்ததும் நிறைய பேர் கை நின்றுவிடும். அம்மா நம்பரைக் கொடுத்தால் அம்மாவுக்குப் போன் போய்விடுமோ என்ற பயம். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய அந்த நம்பரைத் தொட மாட்டார்கள். வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, நம்பிக்கையான நண்பரோ ரூம்மேட்டோ போதும்.

படிவத்தோடு ஒப்புதல் தாள் ஒன்றும் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பீஸ் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், கேன்சல் செய்வதானால் எப்போது சொல்ல வேண்டும், ரகசியம் எதுவரை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டால் பல இடங்களில் முழுப் பீஸும் போய்விடும். கறாராகத் தெரியும், ஆனால் உங்களுக்காக ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரத்தை அவரால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் போயிருக்கும். டிராபிக்கில் மாட்டி இருபது நிமிடம் தாமதமாகப் போனாலும் மிச்ச நேரம்தான் கிடைக்கும்.

சில இடங்களில் பி.எச்.கியூ-9, ஜி.ஏ.டி-7 என்று இரண்டு சின்னக் கேள்வித்தாள்களும் தருவார்கள். முதலாவது மனச்சோர்வுக்கு, 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். இரண்டாவது பதற்றத்துக்கு, 7 கேள்விகள், 21 மதிப்பெண். கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் இருந்தது என்று டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதிக மதிப்பெண் வந்தால் உங்களுக்கு இன்ன நோய் என்று முத்திரை குத்தியதாக அர்த்தம் இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போதுதான் அதன் உபயோகம் தெரியும். "ஒண்ணும் மாறலை" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம், 16 இருந்தது 9 ஆகியிருக்கும்.

இனி முதல் செஷன். சாதாரணமாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். முதல் தடவைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைப்பவர்களும் உண்டு. இதில் பெரும்பகுதி விசாரிப்புதான். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, அதற்குக் கொஞ்சம் முன்னால் வாழ்க்கையில் என்ன மாறியது, படுத்ததும் தூக்கம் வரவில்லையா இல்லை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதா, பசி எப்படி, காபி எத்தனை, குடி, சிகரெட் உண்டா, வீட்டில் யார் யார், யாரோடு ஒத்துப்போகும், யாரோடு போகாது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்கும்போது திணறுவீர்கள். நம் வீடுகளில் நோயின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. "சித்தப்பா ரொம்ப வருஷம் யாரோடயும் பேசாம இருந்தார்", "பாட்டி பிரசவத்துக்கு அப்புறம் ஒரு மாதிரி ஆயிட்டா" என்று கதையாகத்தான் காதில் விழுந்திருக்கும். அதை அப்படியே சொல்லுங்கள், போதும்.

உங்கள் விஷயத்தில், கொஞ்சம் விவரம் தெரிந்த தெரபிஸ்ட் என்றால் கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்பார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும், தூக்கம் கெடும், எடை குறையும். நெஞ்சுப் படபடப்புக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவதும் நல்லதுதான். எல்லாம் மனசுதான் என்று எடுத்த எடுப்பில் அடித்துச் சொல்பவரைவிட, உடம்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்பவரை நான் அதிகம் நம்புவேன்.

சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்றும் நேராகக் கேட்பார். அதிர்ச்சி அடைய வேண்டாம், எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. "காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்" என்று எப்போதாவது தோன்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னவுடன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள், வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்கள் என்று பயந்துதான் பலர் முழுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு நினைப்பு வந்துபோவது வேறு, எப்படி, எப்போது என்று திட்டம் போட்டு வைத்திருப்பது வேறு. இரண்டும் அவருக்கு ஒன்றல்ல, இரண்டுக்கும் அவர் செய்வதும் ஒன்றல்ல. சந்தேகமாக இருந்தால், "இதைச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அழுகை வரலாம். மேசையில் டிஷ்யூ பெட்டி சும்மா இருப்பதில்லை. வராமலும் போகலாம், சொந்தக் கதையைப் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி ஒப்பித்துவிட்டு வருகிறவர்களும் நிறைய. நடுநடுவே அவர் ஒன்றும் பேசாமல் இருப்பார். நமக்கு மௌனம் என்றாலே ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று உதறும். அது சங்கடமாக இருந்தால், "நீங்க பேசாம இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடலாம். எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கமும் உண்டு. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ் எதுவானாலும் சரிதான். அப்பாவோடு நடந்த சண்டையைச் சொல்லும்போது மட்டும் அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். அதை நாகரிகமான இங்கிலீஷில் மாற்றிச் சொன்னால் பாதி விஷயம் அங்கேயே வடிந்துவிடும்.

முதல் நாள் முடிந்து வெளியே வரும்போது பெரும்பாலானோருக்கு ஒரு ஏமாற்றம் இருக்கும். இவ்வளவு காசு கொடுத்தோம், ஒன்றுமே சொல்லவில்லையே என்று. வேலையை விடட்டுமா, இந்தக் கல்யாணத்துக்குச் சரி சொல்லட்டுமா என்று கேட்டிருப்பீர்கள். அவர் பதில் சொல்லாமல் திருப்பி உங்களையே கேட்டிருப்பார். பெரியம்மாவிடம் கேட்டால் அஞ்சு நிமிடத்தில் தீர்ப்பு கிடைத்திருக்கும். ஒருமுறை பார்த்த மனிதர் உங்கள் வேலையைப் பற்றி முடிவு சொன்னால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. மூன்றாவது செஷன் முடிவதற்குள், உங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர் நினைக்கிறார், அதற்கு என்ன செய்யப் போகிறார், ஏறக்குறைய எத்தனை செஷன் ஆகும் என்று அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். "பேசிக்கிட்டே போவோம், பார்ப்போம்" என்பதை மட்டும் பதிலாக ஏற்காதீர்கள்.

சரி, ரகசியம். மூச்சுப் பிடித்துக்கொண்டு எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான். 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. அப்பா, அம்மா, கணவன், மனைவி யாராக இருந்தாலும், அவர்களே பீஸ் கட்டினாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்களிடம் பேசக் கூடாது. "என் பொண்ணு உங்ககிட்ட வர்றாளாமே, என்ன சொல்றா?" என்று போன் வருவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வருகிறார் என்பதைக்கூட ஒப்புக்கொள்ளாமல் போனை வைப்பதுதான் முறை.

விதிவிலக்குகள் உண்டு, அவை ஒப்புதல் தாளில் இருக்க வேண்டும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் சொல்லலாம். கோர்ட் உத்தரவு வந்தால் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு குழந்தை மீது பாலியல் வன்முறை நடக்கிறது என்று தெரிந்தால், 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது யாராக இருந்தாலும் கட்டாயம், தெரபிஸ்டும் அதில் அடக்கம். சின்ன வயதில் தனக்கு நடந்ததை இப்போது பெரியவரான பிறகு பேச நினைக்கிறீர்கள் என்றால், பெயர், உறவு எதையும் சொல்லாமல், "இந்த மாதிரி விஷயத்தைச் சொன்னால் நீங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதை விடாதீர்கள். அப்புறம் சூப்பர்விஷன். தெரபிஸ்ட் தன் மூத்தவர் ஒருவரிடம் உங்கள் விஷயத்தைப் பெயர், ஊர் சொல்லாமல் பேசக்கூடும். அது உங்கள் நன்மைக்குத்தான், ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் இத்தனை சொன்னாலும் விஷயம் வீட்டுக்குத் தெரிவது வேறு வழியில்தான். தெரபிஸ்ட் வாய் திறந்து தெரிவது அபூர்வம். ஜிபேயில் கிளினிக் பெயர் நிற்கும், கூட்டு வங்கிக் கணக்காக இருந்தால் மாமியார் வரை போகும். போன் திரையில் "நாளை உங்கள் தெரபி செஷன்" என்று ரிமைண்டர் மின்னும். கார் வாங்கின புதிதில் வீட்டுக்காரர் போனோடு இணைத்த மேப், நீங்கள் எங்கே போனீர்கள் என்று காட்டிக் கொடுக்கும். ரிமைண்டர் வேண்டாம் என்று சொல்லலாம், பணமாகக் கட்டலாம், ரசீதில் கிளினிக் பெயர் எப்படி வரும் என்று கேட்கலாம்.

ஆன்லைன் செஷன் என்றால் இடம்தான் பெரிய பிரச்சினை. இரண்டு ரூம் பிளாட்டில், ஹாலில் டிவி ஓட, கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேச வேண்டியிருக்கும். என்னோடு மொட்டை மாடித் தண்ணித் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசியவர்கள் உண்டு. நிறுத்தி வைத்த காருக்குள்ளிருந்து, ஆபீஸ் மீட்டிங் ரூமை புக் செய்து பேசியவர்களும் உண்டு. ஹெட்போன் கட்டாயம். யாராவது உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சைகை வார்த்தையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போக முடியுமா என்று பாருங்கள்.

மூன்றாவது, நான்காவது செஷனிலிருந்துதான் வேலை ஆரம்பிக்கும். உங்களைப் போன்ற பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் அதிகம் பயன்படுவது சி.பி.டி. (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் தெரபி). 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது. இன்றைக்கு மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட தெரபிகளில் ஒன்று. உங்கள் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு ஒரு நினைப்பு வருகிறது: நாளைக் காலை மீட்டிங்கில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், எனக்குப் பதில் தெரியாது. உடனே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதைத் தாங்க முடியாமல் லேப்டாப்பைத் திறந்து மெயில் பார்க்கிறீர்கள். ஒன்றும் இல்லை என்றதும் ஐந்து நிமிடம் நிம்மதி. அப்புறம் மறுபடி. இப்படி ராத்திரி வரை பத்துத் தடவை. அந்த ஐந்து நிமிட நிம்மதிதான் வினை. மெயில் பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த ஞாயிறு இன்னும் சீக்கிரமே பதற ஆரம்பிக்கிறது. தெரபிஸ்ட் உங்களோடு உட்கார்ந்து இதைத் தாளில் வரைந்து காட்டுவார். பிறகு சின்னதாக ஒரு பரீட்சை வைப்பார்: இந்த ஞாயிறு எட்டு மணி வரை மெயிலைத் திறக்காமல் இருந்து, படபடப்பு எவ்வளவு ஏறுகிறது, எப்போது தானாக இறங்குகிறது என்று எழுதி வாருங்கள் என்று. தூக்கத்துக்கும் இப்படித்தான் ஒரு முறை இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுவது, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வெளியே வந்துவிடுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், முதல் இரண்டு வாரம் பிராணன் போகும்.

ஆக, வீட்டுப்பாடம் உண்டு. செய்யாமல் போனால் திட்ட மாட்டார்கள். ஏன் செய்ய முடியவில்லை என்று பேசுவதே அன்றைய செஷனாக ஆகிவிடும். ஆனால் செய்யாமலே செய்தேன் என்று சொல்வதில் லாபம் இல்லை. பள்ளிக்கூடப் பழக்கம் விடாது, நல்ல மாணவன் என்று பேர் வாங்கப் பார்ப்போம்.

எல்லோரும் சி.பி.டி. செய்வதில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து ஒரே மாதிரி உறவுகளில் போய் மாட்டுவதைப் பற்றி மெதுவாக, மாதக்கணக்கில் பேசுகிற முறைகளும் இருக்கின்றன. கழுவிக்கொண்டே இருப்பது, சரிபார்த்துக்கொண்டே இருப்பது என்ற ஓ.சி.டி.க்கு, பயப்படுவதை எதிர்கொண்டுவிட்டு அந்தச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் தனி முறை உண்டு. எந்த முறை, ஏன் எனக்கு அது என்று கேளுங்கள். பதற்றத்துக்கான சி.பி.டி. என்றால் பொதுவாக 12 முதல் 20 செஷன், வாரத்துக்கு ஒன்று. நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம், மூன்றிலிருந்து ஐந்து மாதம். மூன்று செஷனில் குணம் என்று பாக்கேஜ் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நடுவில் சில வாரம் முன்பைவிட மோசமாக இருக்கும். மூடி வைத்திருந்ததைத் திறந்தால் அன்று ராத்திரி தூக்கம் போகும், மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். இது வழக்கம்தான், ஆனால் அதைச் சகித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதில்லை, அடுத்த செஷனில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். செஷன் முடிந்த கையோடு கிளையண்ட் கால் வைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரம் டீக்கடையிலோ பார்க்கிலோ உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

பீஸ். சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஒரு செஷனுக்கு 1000 முதல் 2500 ரூபாய் வரை சாதாரணமாகக் கேட்கிறார்கள், பெயர் பெற்றவர்களிடம் அதற்கு மேலும் போகும். வாரம் ஒன்று என்றால் மாதச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் காசில்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். வருமானத்துக்குத் தக்கபடி குறைத்து வாங்குகிற தெரபிஸ்டுகள் உண்டு, கேட்டால்தான் தெரியும். இன்சூரன்ஸைப் பெரிதாக நம்ப வேண்டாம். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தரும், வாராவாரம் வந்து பேசுவதற்கு அல்ல. உங்கள் கம்பெனியில் ஊழியர்களுக்கு இலவச கவுன்சலிங் திட்டம் இருக்கலாம். எச்.ஆர்.க்குப் பெயர் போகுமா என்று முதலில் உறுதி செய்துகொண்டு பயன்படுத்துங்கள். கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1794இலிருந்து இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச அங்கே ஆள் போதாது, ஆனால் மருந்துக்கும் முதல் ஆலோசனைக்கும் அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

மருந்து என்றதும் ஒரு வார்த்தை. சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதக் கூடாது. எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். பதற்றம் ரொம்ப அதிகமாக இருந்தால் சைக்கியாட்ரிஸ்டையும் ஒருமுறை பாருங்கள் என்று அவர் சொல்லலாம். உங்களைக் கைகழுவுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் சேர்ந்து நடக்கும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தெரபி ஆரம்பித்துவிட்டோமே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

என்ன கூப்பிடுவது என்று கேட்பார்கள். மேடம், சார், டாக்டர், எதுவானாலும் சரி. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய, பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா என்று கூப்பிட்டாலும் அந்த உறவு அந்த அறையோடு சரி. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன், கல்யாணத்துக்கு வர மாட்டேன். வந்தால், இவர் யார் என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பார்களே. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் நீங்கள் சிரித்தால்தான் நான் சிரிப்பேன். இன்ஸ்டாகிராமில் நட்பு கேட்டால் ஏற்க மாட்டார்கள். இதை முகத்தில் அடித்தாற்போல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வரம்பை அவரே மீறினால் கவனியுங்கள். தன் வீட்டுக் கதையை உங்களிடம் சொல்லி ஆறுதல் தேடுவது, கடன் கேட்பது, செஷனுக்கு வெளியே சந்திக்கக் கூப்பிடுவது, தொடுவது, இவை எதற்கும் நியாயம் கிடையாது. ஜாதகம் பார்த்துப் பரிகாரம் சொல்கிறவர், கல்யாணம் பண்ணிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர், பொம்பளைங்க கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும் என்று அடி வாங்குகிறவளுக்குப் புத்தி சொல்கிறவர், இவர்களிடம் இரண்டாவது முறை போக வேண்டாம். (உங்களுக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இருந்து, ஏழரைச் சனி நடக்கிறது என்று மனதை அரித்தால் அதைத் தெரபிஸ்டிடம் தாராளமாகச் சொல்லலாம். நல்லவர் சிரிக்க மாட்டார்.) ஓரினச் சேர்க்கையாளரையோ திருநரையோ "மாற்றிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அது சிகிச்சையே அல்ல, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட முயற்சிகளுக்குத் தடை சொல்லியிருக்கிறது.

இவையெல்லாம் இல்லாமலே, ஆள் நல்லவர், ஆனாலும் ஒட்டவில்லை என்று இருக்கலாம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் தெரபி நடப்பதற்கு மூன்று விஷயம் வேண்டும் என்றார்: எதற்காக வந்தோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு. நாலாவது செஷன் வாக்கில் இந்த மூன்றையும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூக்கத்துக்காகப் போயிருக்க, அவர் வாராவாரம் உங்கள் அப்பாவைப் பற்றியே தோண்டிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். "போன வாரம் நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது" என்று சொல்லுங்கள். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழகாத நமக்கு இது மலையைப் புரட்டுகிற வேலை. என் அனுபவத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு பலருக்குத் தெரபி நிஜமாகவே ஓட ஆரம்பித்திருக்கிறது. வீட்டிலும் ஆபீஸிலும் சொல்ல முடியாததை முதல்தடவை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள், எதுவும் இடிந்து விழவில்லை. சொல்லியும் மாறவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இவரிடமே வேறு பெயர் கேட்கலாம். கொடுப்பார்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், தனி பிராக்டீஸ் தெரபிஸ்டுக்கு ராத்திரி டியூட்டி கிடையாது. வாட்ஸ்அப் செய்தியை மறுநாள்தான் பார்ப்பார். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986இலிருந்து சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் செயல்படுகிறது. எந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் செஷனிலேயே பேசி போனில் சேமித்துவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று இப்போதே கேட்டிருக்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். ஒரு நாள் செஷனில் பேச விஷயம் இல்லாமல், போன வாரம் பார்த்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அப்போது வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று இழுத்துக்கொண்டு போய் முடிப்பார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றியதும் போனை எடுக்காமல் மறைந்துவிடாமல், கடைசியாக ஒரு செஷன் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றம் திரும்பி வந்தால் முதலில் எந்த அறிகுறி தெரியும், அப்போது என்ன செய்வது என்று அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்வீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டியிருந்தால், புதிதாகப் படிவம் நிரப்பாமல் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.